கோட்டாபயவைத் துரத்திய வரிசை: மாத்தளையிலிருந்து ஒரு பார்வை

கோட்டாபய ராஜபக்ஷ முதன்முதலில் ஒரு மாவட்டத்தின் மீது அதிகாரம் செலுத்தியது மாத்தளையில்தான். 1989ஆம் ஆண்டு, ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியை அரசு நசுக்கிக்கொண்டிருந்த மாதங்களில், கஜபா படைப்பிரிவின் முதலாவது பற்றாலியனின் கட்டளை அதிகாரியாக இருந்த அவர், மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாகவும் இருந்தார். அந்த மாதங்களில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் சிங்கள இளைஞர்கள், கிராமத்துப் பிள்ளைகள்.

30 வருடங்கள் கழித்து, 2019 நவம்பரில், அதே மாத்தளை மாவட்டம் அவரை ஜனாதிபதியாக்க வாக்களித்தது. அவர் இங்கே தெளிவாக வென்றார். அதற்கு இரண்டரை வருடங்களுக்குப் பிறகு, அவரை வீட்டுக்குப் போகச் சொல்லி வீதியில் நின்றவர்களிலும் இந்த மாவட்டத்தவர்கள் இருந்தார்கள். கலேவெல விவசாயி, தம்புள்ளை லொறிச் சாரதி, சீகிரியா ஹோட்டல் ஊழியர், மாத்தளை நகரத்து ஆசிரியர், கடைக்காரர், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. இவர்களுக்குள் பொதுவாக இருந்தது என்ன?

வடக்கில் 2022இல் பலர் இதையே வேறு விதமாகக் கேட்டார்கள். நாங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது வராதவர்கள், காஸ் முடிந்ததும் வந்தார்கள் என்றார்கள். அதில் கசப்பு இருந்தது. அது நியாயமான கசப்பு. ஆனால் அந்த வசனத்துக்குள் கசப்போடு ஒரு பகுப்பாய்வும் ஒளிந்திருக்கிறது. ஒரு ஆட்சியாளரை விழுத்துவது அவர் செய்த குற்றத்தின் அளவு அல்ல, அவரால் அடிவாங்கியவர்கள் யார், அவர்கள் ஒரே நேரத்தில் அடிவாங்கினார்களா என்பதுதான். மாத்தளையின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கோட்டாபய ஜனாதிபதியாக இருந்தது இரண்டு வருடமும் எட்டு மாதமும்தான். நீண்டகாலச் சர்வாதிகாரி என்று அவரை மார்கோஸோடும் சுஹார்த்தோவோடும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அவர் தேர்தலில் 69 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள், அதாவது 52.25 வீதம், பெற்று வந்தவர். ஆனால் 2022இல் மக்கள் விரட்டியது ஒரு தனி மனிதரை மட்டும் அல்ல. 2005இல் மஹிந்த ராஜபக்ஷவோடு தொடங்கி, 2015 முதல் 2019 வரை ஒரு இடைவேளை விட்டு, மீண்டும் வந்த ஒரு குடும்ப ஆட்சியை அவர்கள் விரட்டினார்கள். அந்த ஆட்சியின் பாதுகாப்புச் செயலாளராக ஒன்பது வருடத்துக்கும் மேலாக இருந்தவர் கோட்டாபய. முள்ளிவாய்க்காலில் இருந்து மீண்டவர்களுக்கு அவருடைய ஆட்சி எப்போது தொடங்கியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது பின்னோக்கி, 1848க்கு.

பாடசாலைப் புத்தகத்தில் மாத்தளைக் கலகம் என்று படித்திருப்போம். அதன் பொருளாதாரப் பின்னணியை ஆசிரியர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். 1847இல் ஐரோப்பிய நிதி நெருக்கடியோடு கோப்பி விலை சரிந்தது. கோப்பியை நம்பியிருந்த பிரித்தானிய அரசாங்கத்தின் வருமானமும் சரிந்தது. ஆளுநர் டொரிங்டன் அந்த ஓட்டையைக் கோப்பித் தோட்டக்காரர்களிடமிருந்து அடைக்கவில்லை. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி, அதற்கு மேல் வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று கிராமத்து மக்கள் தலையில் வைத்தார். மேலே உள்ளவர்கள் உண்டாக்கிய கடனைக் கீழே உள்ளவர்களிடம் வசூலிப்பது இந்த நாட்டில் புதிய பழக்கம் அல்ல.

1848 ஜூலை 28 அன்று தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கூட்டம் மாத்தளைக்கு வந்தது. கச்சேரி தாக்கப்பட்டது, வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஆனால் இரண்டு வாரம்கூட அது நிலைக்கவில்லை. ஆகஸ்ட் 8 அன்று புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம்? எழுந்தவர்கள் விவசாயிகள். தலைவர்கள் கரையோரத்திலிருந்து வந்த, பிரபு வம்சத்தைச் சேராத ஆட்கள். கண்டியப் பிரபுக்களில் பெரும்பாலானோர் பிரித்தானியரின் பக்கமே இருந்துவிட்டார்கள். அவர்களுடைய பதவியும் காணியும் அங்கேதான் இருந்தன. இன்னொரு கூட்டமும் அன்று இதே மண்ணில் இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்த தமிழ்க் கூலிகள். அவர்களுக்கும் கிளர்ச்சிக்காரருக்கும் ஒரே எசமான்தான். ஆனால் இருவரையும் இணைக்க ஒரு மொழியோ ஒரு கோரிக்கையோ இருக்கவில்லை. கிராமத்தவனுக்குத் தோட்டம் என்பது பறிபோன காடு. கூலிக்கு அது கடைசி நம்பிக்கை.

1989இல் எழுந்தது வேறொரு வர்க்கம்: சிங்கள மொழியில் படித்து, சோதனைகளில் சித்தியடைந்து, வேலை கிடைக்காமல் நின்ற கிராமத்து இளைஞர்கள். நகரத்து நடுத்தர வர்க்கம் அவர்களைக் கண்டு பயந்தது. ஜே.வி.பி.யின் கட்டாயக் கடையடைப்புகளும் கொலைகளும் அந்தப் பயத்துக்குக் காரணம் கொடுத்தன. வியாபாரிகள் இராணுவத்தை விரும்பினார்கள். தோட்டத் தொழிலாளர்களை ஜே.வி.பி. இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகத்தான் பார்த்தது; அவர்கள் ஏன் சேர்வார்கள்? வடக்கில் நாங்கள் எங்கள் சொந்தப் போரில் இருந்தோம். ஆகவே அந்தப் பிள்ளைகள் தனியாகச் செத்தார்கள்.

இப்படி ஒவ்வொருவராக அடிவாங்கிய இடம் மாத்தளை. 1983 ஜூலையில் தமிழர்களின் கடைகளும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தன. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லது எரித்தார்கள். 1989இல் சிங்கள இளைஞர்கள். 2012 ஏப்ரல் 20 அன்று தம்புள்ளைப் பள்ளிவாசல் மீது பிக்குகள் தலைமையிலான கும்பல் பாய்ந்தது. அது முஸ்லிம்களின் பிரச்சினையாகவே இருந்தது. அடுத்த வருடம் அதே தம்புள்ளைப் புனிதப் பிரதேசத்தில் பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அது அங்கே வாழ்ந்த சில தமிழ்க் குடும்பங்களின் பிரச்சினையாக முடிந்தது. ஆட்சியாளர்கள் இதில் தேர்ந்தவர்கள். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அடிப்பது; அடிக்கும்போது மற்றவர்களிடம் இது உனக்காகத்தான் என்று சொல்வது. 2009 மே மாதத்தில் தென்னிலங்கை பாற்சோறு சாப்பிட்டதை நாங்கள் மறக்கவில்லை. கொரோனாக் காலத்தில் முஸ்லிம் ஜனாஸாக்களை ஒரு வருடத்துக்குக் கிட்ட எரித்தபோதும் நாடு திரளவில்லை.

கோட்டாபய விழுந்ததற்குக் காரணம், அவர் இந்த விதியை மீறியதுதான். 2021இலும் 2022இலும் அவர் எல்லாரையும் ஒன்றாக அடித்தார்.

அவரை 2019இல் கொண்டுவந்த கூட்டணியைப் பார்க்க வேண்டும். வியத்மக என்ற பெயரில் கூடிய பேராசிரியர்கள், வைத்தியர்கள், கம்பனி அதிகாரிகள், ஓய்வுபெற்ற படை அதிகாரிகள், பிக்குகள், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு பயந்துபோயிருந்த சிங்கள நடுத்தர வர்க்கம், இலவச உரம் தருவதாகச் சொன்னதை நம்பிய விவசாயி. ஒவ்வொரு வர்க்கத்தோடும் அவருக்குத் தனித்தனி ஒப்பந்தம் இருந்தது. பணக்காரருக்கும் கம்பனிக்கும் வரிக்குறைப்பு: 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. நடுத்தர வர்க்கத்துக்குப் பாதுகாப்பும் ஒழுங்கும். விவசாயிக்கு உரம். எல்லாருக்கும் மேலாக, சிங்கள பௌத்தப் பெருமை. அந்தக் கடைசிப் பொருளுக்குச் செலவு கிடையாது. 2020 சுதந்திர தின விழாவில் தேசிய கீதத்தைத் தமிழில் பாடாமல் விட்டால் போதும்.

இந்த ஒப்பந்தங்களை உடைத்தது எதிர்க்கட்சி அல்ல, மேற்கு நாடுகளும் அல்ல. அவரே ஒவ்வொன்றாக உடைத்தார்.

மாத்தளை மாவட்டத்தின் வடக்குப் பாதியைப் பாருங்கள். தம்புள்ளையும் கலேவெலவும் குளத்துத் தண்ணீரை நம்பிய உலர்ந்த நிலம். நெல், பெரிய வெங்காயம், மரக்கறி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இலங்கை முழுவதற்கும் மரக்கறி விலையைத் தீர்மானிக்கிற இடம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் தம்புள்ளை விலை என்ன என்று கேட்டுத்தான் லொறி ஏற்றுவார். 2021 மே மாதம் 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியும் பீடைநாசினி இறக்குமதியும் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டன. சேதன விவசாயம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உண்மையில் டொலர் தீர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் பயங்கரமாக விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் விதைப்புக் காலம் போய்விட்டது, உலகச் சந்தையில் உரத்தின் விலையும் ஏறிவிட்டது.

வன்னி விவசாயி இதை வாசித்தால் ஒரு கணம் நிற்பார். யூரியா தடை, மண்ணெண்ணெய்த் தடை, பற்றறித் தடை எல்லாம் அவருக்கு 1990களிலேயே தெரியும். குண்டு செய்வார்கள் என்று சொல்லி ஒரு மூடை பசளைக்கு அனுமதி கேட்டு நின்ற காலம். அன்று அது தமிழ் விவசாயிக்கு மட்டும் வைத்த தடை என்பதால் கலேவெலவுக்கு அது செய்தியே அல்ல. 2021இல் அதே மாதிரியான தடை கலேவெலவுக்கு வந்தது. ராஜபக்ஷக்களின் மிக உறுதியான வாக்கு வங்கி, போரில் பிள்ளைகளைப் படைக்குக் கொடுத்த கிராமம், முதன்முறையாக அவர்களுக்கு எதிராகக் கொடும்பாவி எரித்தது. என் கணிப்பில் அரகலயவின் உண்மையான தொடக்கம் 2022 மார்ச் 31 மிரிஹான அல்ல. 2021இல் உரம் கேட்டு விவசாயிகள் வீதிக்கு இறங்கிய அந்த மாதங்கள்தான். கொழும்பு ஊடகங்கள் அதை ஒரு விவசாயச் செய்தியாகவே பார்த்தன.

விவசாயியின் வயல் காய்ந்தால் அதற்கு மேலே உள்ளவர்களும் காய்கிறார்கள். மத்திய நிலையத்தில் மூட்டை தூக்குபவருக்கு வேலை குறைந்தது. லொறிக்காரர் டீசலுக்கு நின்றார். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. சீகிரியாவையும் மாத்தளையின் வாசனைத் திரவியத் தோட்டங்களையும் நம்பியிருந்த சுற்றுலாத் தொழில், 2019 குண்டுகளாலும் கொரோனாவாலும் ஏற்கனவே தரையில் கிடந்தது. வான் சாரதிகள் லீசிங் தவணை கட்ட முடியாமல் வாகனத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர்கள் 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதங்களுக்கும் மேலாக இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்து, தெருவில் அடியும் வாங்கியிருந்தார்கள். மாத்தளை நகரத்து வியாபாரிக்கு வங்கியில் நாணயக் கடிதம் திறக்க டொலர் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. சேமித்து வைத்திருந்தவரின் சேமிப்பு உருகியது. வீட்டுக் காஸ் 1,493 ரூபாவிலிருந்து ஏழு மாதத்தில் 4,860 ரூபா. அதுவும் கிடைத்தால்தான். மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

ஒரு பணக்கார வீட்டுக்கும் ஒரு ஏழை வீட்டுக்கும் ஒரே இரவில் வெளிச்சம் போவது அபூர்வம். வறுமை பொதுவாக வீடு வீடாக, சத்தமில்லாமல், வெட்கத்தோடு வரும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அடகுக்கடைக்குப் போவோம். 2022இல் அது எல்லாருக்கும் தெரிய, பகிரங்கமாக, வரிசையாக வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு வெட்கம் போய்விட்டது. என்னுடைய பிழையால்தான் நான் இப்படி இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், முன்னால் ஒரு டொக்டரும் பின்னால் ஒரு வங்கி முகாமையாளரும் நிற்பதைக் கண்டார். அரசியல் கட்சிகள் வருடக்கணக்காகப் பேசியும் செய்ய முடியாத வேலையை எரிபொருள் வரிசை செய்தது.

ஆனால் அந்த வரிசையையும் அளவுக்கு மீறிப் புகழக்கூடாது. அதில் சமத்துவம் இருக்கவில்லை. வசதியுள்ளவர் சாரதியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். வரிசையில் நிற்கவே வழியில்லாதவர்களும் இருந்தார்கள். எல்கடுவ, இரத்தோட்டைப் பக்க லயங்களில் காஸ் சிலிண்டரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் பலரிடம் இல்லை. அவர்களுடைய நெருக்கடி கோதுமை மா. ரொட்டிதான் அவர்களின் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும். 2021இல் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. ஒரே வருடத்தில் மாவின் விலையும் அரிசியின் விலையும் அதைத் தின்றுவிட்டன. தோட்டத் தொழிற்சங்கங்கள் ஏப்ரல் 28 வேலைநிறுத்தத்திலும் மே 6 ஹர்த்தாலிலும் சேர்ந்தன. ஆனால் காலிமுகத்திடல் மேடையிலிருந்து நாடு முழுவதும் கேட்ட குரல் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் குரல். ஒன்றாக நின்றார்கள் என்பது உண்மை. ஒரே அளவு பேசினார்கள் என்பது உண்மை அல்ல.

இன்னொரு காரணத்தை கோட்டாபய தன் கையாலேயே செய்து வைத்திருந்தார். 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்தை 156 வாக்குகளோடு நிறைவேற்றி, எல்லா அதிகாரத்தையும் தன்னிடம் எடுத்துக்கொண்டார். நிதி அமைச்சு ஒரு சகோதரருக்கு, பிரதமர் பதவி இன்னொருவருக்கு, நீர்ப்பாசனம் மூன்றாமவருக்கு. எல்லாப் பொத்தானும் ஒருவர் கையில் இருந்தால் எல்லாப் பழியும் அவர் மேல்தான். உரம் இல்லாத விவசாயிக்கும், மருந்து இல்லாத வைத்தியருக்கும், காகிதம் இல்லாமல் சோதனை தள்ளிப்போன மாணவருக்கும் ஒரே பெயரைத் தவிர வேறு பெயர் தெரியவில்லை. ‘கோட்டா கோ ஹோம்’ என்பது கொள்கை அல்ல, முகவரி. அதில் என்ன வேண்டும் என்று ஒன்றும் இல்லை. யார் வேண்டாம் என்பது மட்டும் இருக்கிறது. அதனால்தான் எல்லாராலும் அதைச் சொல்ல முடிந்தது. சந்தை வேண்டும் என்றவரும் சோஷலிசம் வேண்டும் என்றவரும் மூன்றாவதாக ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அன்றே அடிபட்டிருப்பார்கள்.

கடைசியாகப் படையினர். எந்த நாட்டிலும் ஆட்சியாளர் விழும் நாள் என்பது துப்பாக்கி வைத்திருப்பவர் சுட மறுக்கும் நாள். ஏப்ரல் 19 அன்று றம்புக்கனையில் பொலிஸ் சுட்டு ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். நாடு கொந்தளித்தது. அதற்குப் பிறகு ஜூலை 9 வரை, படை பெருமளவில் துப்பாக்கியைக் கூட்டத்தை நோக்கித் திருப்பவில்லை. மாளிகைக் கதவுகள் திறந்தன. சிப்பாயின் வீடு கலேவெலவில் இருக்கிறது, அநுராதபுரத்தில் இருக்கிறது. அவனுடைய தகப்பன்தான் உரம் இல்லாமல் நின்றவர், அவனுடைய தங்கைதான் சோதனை எழுத முடியாமல் இருந்தவள். இந்த இடத்தில் வடக்கின் கேள்விக்கு மிகக் கொடுமையான பதில் கிடைக்கிறது. வன்னியில் அந்தச் சிப்பாய்க்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கவில்லை.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே சேர்க்கைதான். பிலிப்பைன்ஸில் மார்கோஸ் 1965இலிருந்து ஆண்டார்; விவசாயிகளும் தொழிலாளரும் இடதுசாரிகளும் வருடக்கணக்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள், அவர் அசையவில்லை. 1983இல் நினோய் அக்கினோ கொல்லப்பட்டு, பொருளாதாரமும் குலைந்து, மகாட்டி வியாபாரிகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் படையின் ஒரு பகுதியும் கைவிட்ட பிறகுதான் 1986 பெப்ரவரியில் அவர் ஓடினார். 32 வருடம் ஆண்ட சுஹார்த்தோ 1998 மே மாதத்தில் விழுந்ததும் நாணயம் விழுந்த பிறகுதான். ஆனால் அங்கே கோபத்தின் ஒரு பாதி மாளிகைக்குப் போகாமல் சீன வம்சாவளியினரின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போனது. 2024 ஆகஸ்ட் 5 அன்று பங்களாதேஷில் ஷேக் ஹசீனாவின் 15 வருட ஆட்சி முடிந்தபோதும், இராணுவம் சுடமாட்டோம் என்று நின்றது தீர்மானகரமாக இருந்தது. அடுத்த நாட்களில் இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. 2022இல் இலங்கையில் அந்தக் கோபம் சிறுபான்மையினர் பக்கம் திரும்பாமல் போனது சின்ன விஷயம் அல்ல. 1983ஐக் கண்ட நாடு இது.

ஆனால் பிலிப்பைன்ஸ் கதையில் நமக்கு முக்கியமானது மார்கோஸ் ஓடிய நாளை விட அதற்கு அடுத்த வருடம். 1987 ஜனவரி 22, மெண்டியோலா பாலம். காணிச் சீர்திருத்தம் கேட்டு வந்த விவசாயிகள் மீது படையினர் சுட்டு 13 பேர் செத்தார்கள். அப்போது ஜனாதிபதி, மக்கள் எழுச்சியால் வந்த கொரசோன் அக்கினோ. அவருடைய குடும்பமே பெருந்தோட்ட முதலாளிகள். ஒன்றாக நின்ற வர்க்கங்கள் எந்த இடத்தில் பிரியும் என்றால், கணக்கு யார் கட்டுவது என்ற கேள்வியில்.

இங்கே அந்தக் கேள்வி இன்னும் வேகமாக வந்தது. ஜூலை 14 அன்று கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். ஜூலை 20 அன்று அவருடைய கட்சியின் வாக்குகளோடு ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் 134 வாக்கு பெற்று ஜனாதிபதியானார். ஜூலை 22 விடியற்காலையில் காலிமுகத்திடல் கூடாரங்களைப் படையினர் அடித்துப் பிரித்தார்கள். நடுத்தர வர்க்கத்தின் பெரும்பகுதி அன்று அமைதியாக இருந்தது. கியூஆர் அட்டையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியிருந்தது, வரிசை குறைந்தது, கூட்டணியும் குறைந்தது.

பிறகு கணக்கு வந்தது. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. மண்ணெண்ணெய் யாருடைய எரிபொருள்? மீனவரின் படகுக்கு, சிறு விவசாயியின் தண்ணீர்ப் பம்புக்கு, லயத்து அடுப்புக்கு. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். மிகக் குறைவாக மின்சாரம் பாவிப்பவர்களுக்குத்தான் வீதக் கணக்கில் மிகப் பெரிய ஏற்றம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் தப்பின. ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணினதும் தோட்டத் தொழிலாளியினதும் முதுமைக் காலச் சேமிப்பு, சுமையைத் தாங்கியது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. தோட்டத் துறையில் பாதிப்பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. வரிசையில் முன்னும் பின்னும் நின்ற டொக்டரையும் தொழிலாளியையும் இப்போது யாரும் ஒரே படத்தில் காண முடியாது. டொக்டர்கள் பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள்.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த மலையக மக்களின் நடைபயணத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். 200 வருடத்துக்கு முன் முன்னோர் நடந்த பாதையில் அவர்கள் நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், சமத்துவமான குடியுரிமை, தனி அடையாளம் என்று கோரிக்கைகளை எழுதிக்கொண்டு வந்தார்கள். அரகலயவுக்குக் கோரிக்கைப் பட்டியல் தேவைப்படவில்லை; மாத்தளைக்கு நடந்து வந்தவர்களிடம் அது மட்டும்தான் இருந்தது. மலையகத்திலிருந்து இனக்கலவரங்களுக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்கள், அங்கேயும் காணி உறுதி இல்லாமல், கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டவர்கள், இதே பாதையால் வந்தவர்களின் சந்ததிதான் என்பதையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

வடக்கும் கிழக்கும் 2022இல் பெரிதாகத் திரளவில்லை என்று தெற்கில் சிலர் இன்னும் குறை சொல்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் இறங்கினார்கள், ஹர்த்தாலுக்குக் கடைகள் மூடின. அதற்கு மேல் போகாததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. வீதியில் இறங்கினால் பிறகு வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது தமிழருக்கு அனுபவத்தால் தெரியும். மாத்தளையிலோ கொழும்பிலோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாவது அன்று ஒரு செய்தி. கிளிநொச்சியில் அது வழமை. அதோடு, ஒரு ராஜபக்ஷ போனால் எங்கள் கேள்விக்குப் பதில் வருமா என்ற சந்தேகமும் இருந்தது. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறினார்கள், விளக்கேற்றினார்கள். அது நடக்கும் என்று அதற்கு முந்தைய வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அதே திடலில் பெரிய கூட்டம் அதிலிருந்து தள்ளி நின்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்தப் புதைகுழிக்கு வருவோம். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டுமான வேலைக்கு மண்ணை வெட்டியபோது எலும்புகள் வந்தன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். அகழ்வில் ஈடுபட்ட தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்று அறிக்கை கொடுத்தார். அப்போது ஜனாதிபதி மஹிந்த. பாதுகாப்புச் செயலாளர், அந்தக் காலத்தில் மாத்தளைக்குப் பொறுப்பாக இருந்த அதே கோட்டாபய. ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். எலும்புகள் 1950க்கு முந்தியவை என்று சொல்லி முடித்தார்கள். மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அங்கே ஆய்வுகூடம் 15ஆம் நூற்றாண்டு வரை போய்விட்டது. மத்திய மாகாணப் பொலிஸ் நிலையங்களின் பழைய பதிவேடுகளை அழிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது கோட்டாபய உத்தரவிட்டார் என்று 2023இல் மனித உரிமை அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை குற்றஞ்சாட்டியது. அவர் தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்திருக்கிறார். மாத்தளையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை.

புதைகுழி வெளிவந்தபோது முழு விசாரணை வேண்டும் என்று கேட்ட கட்சிகளில் ஜே.வி.பி. முன்னால் நின்றது. அந்த எலும்புகள் தங்கள் தோழர்களுடையவை என்று அவர்கள் நம்பினார்கள். இன்று அந்தக் கட்சியின் தலைவர் நாட்டின் ஜனாதிபதி. அநுர குமார திசாநாயக்க பிறந்தது கலேவெலப் பக்கம் தேவஹுவவில், இதே மாத்தளை மாவட்டத்தில். 2024 நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலாவதாக வந்தது. 2022இல் எல்லா வர்க்கமும் சேர்ந்து திறந்த கதவால் உள்ளே வந்த அரசாங்கம் இது. தன்னுடைய சொந்தப் பிள்ளைகளின் புதைகுழியைத் திறக்க அதற்கு எந்தக் கூட்டணிக் கட்சியின் அனுமதியும் தேவையில்லை, எந்தத் தமிழ்க் கட்சியின் அழுத்தமும் தேவையில்லை.

ஆனால் மாத்தளையைத் திறந்தால் அங்கே நிற்க முடியாது. மாதிரிகளை மறுபடியும் சோதிக்க வேண்டும். அப்படியென்றால் மன்னாரையும் சோதிக்க வேண்டும். 1989இல் எந்த முகாமில் யார் பொறுப்பு என்ற பட்டியல் வெளிவர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள அதிகாரிகள் சிலர் பிறகு வடக்கிலும் கட்டளையிட்டவர்கள். செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்திருக்கின்றன. படையினரின் வாக்குகளும் படையினரின் குடும்பங்களின் வாக்குகளும் இந்த அரசாங்கத்துக்கு வேண்டும். ஆகவே தன் சொந்த இறந்தவர்களைப் பற்றிக்கூட அது மெதுவாகப் பேசுகிறது.

மாத்தளையில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் பலர் இப்போது உயிரோடு இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசுவாமி கோயிலடியில் உட்கார்ந்தவர்களிலும் பலர் போய்விட்டார்கள். இரண்டு இடமும் ஏ9 வீதியில்தான் இருக்கின்றன. இந்த இரண்டு கூட்டத்தினரும் ஒரே மேசையில் இருந்து, ஒரே மனுவில், 1989இன் பதிவேடுகளையும் 2009இன் சரணடைந்தோர் பட்டியலையும் சேர்த்துக் கேட்டால் இந்த அரசாங்கம் யாருக்கு என்ன பதில் சொல்லும் என்று தெரியவரும். 33 வருட இடைவெளியில் இரண்டு முறை கோட்டாபயவைக் கண்ட மாவட்டத்தில் அப்படியொரு கூட்டத்தைக் கூட்ட எரிபொருள் வரிசை தேவையில்லை. ஒரு மண்டபமும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் போதும்.